ஓகே பிறந்த ஊர்

அன்புள்ள கயல்,

போன ஞாயிறு போனில் முகில், "தாத்தா, ஓகேன்னா என்ன?" என்று கேட்டான். ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற பழைய அமெரிக்க ஜனாதிபதிக்குப் பிழையில்லாமல் எழுத வராது, அவர் காகிதங்களில் போட்ட குறிப்புதான் அது என்று சொல்லிவிட்டேன். எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டது. அப்புறம் தேடிப் படித்தேன். நான் சொன்னது தவறு. குழந்தை மனதில் அது பதிந்துவிடக் கூடாது.

அந்தச் சொல் முதலில் அச்சில் வந்தது நீ இருக்கும் பாஸ்டனில்தான் கயல்! 1839 மார்ச் 23, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'. அப்போது பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு இருந்திருக்கிறது. வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் போடுவது. 'ஆல் ரைட்' இப்படித்தான் ஓ.டபிள்யூ. ஆனது. 'ஆல் கரெக்ட்' என்றால் ஏ, சி வர வேண்டும் இல்லையா? காதில் விழுகிறபடி எழுதி ஓ.கே. ஆக்கிவிட்டார்கள்.

மற்ற குறுக்கங்கள் மறைந்தும் இது நிலைத்ததற்கு 1840 தேர்தல் ஒரு முக்கியக் காரணம். ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் ஊர்க்காரர். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று சொல்லி ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிர்த்தரப்பு அவருடைய கட்சித் தலைவர் ஜாக்சனைக் கேலி செய்யக் கிளப்பிய கதையைத்தான் நான் முகிலிடம் சொல்லியிருக்கிறேன். வான் பியூரன் தோற்றுப்போனார், சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

பின்னாளில் ஜனாதிபதி வுட்ரோ வில்சன் இதைச் சாக்டா பழங்குடி மொழிச் சொல் என்று நம்பி, எழுத்தையே அதற்கேற்ப மாற்றி எழுதினாராம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, 1963, 64-இல் கட்டுரைகள் எழுதிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. இரண்டெழுத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு உழைத்திருக்கிறார். அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தேன்.

முகிலிடம் நீ எதுவும் சொல்லாதே. தப்பாகச் சொன்னவன் நான், வரும் ஞாயிறு நானே திருத்திச் சொல்கிறேன். நீ ஒன்று செய். அங்கே ஏதாவது நூலகத்தில் அந்தப் பத்திரிகையின் பழைய இதழைப் பார்க்க முடியுமா என்று விசாரி. முடிந்தால் அவனைக் கூட்டிப்போய் அந்த வரியைக் காட்டு.

அன்புடன்,
அப்பா