கழுத்தில் ‘சடக்’ என்று கேட்பது சிகிச்சை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிடுகிறது. காயம் ஒன்றுமில்லை, ஆனால் கழுத்துவலி மாதக்கணக்கில் விடுவதில்லை. இப்படிப்பட்டவர்களில் பலர் சலூனில் நெட்டி முறித்துக்கொள்கிறார்கள், அல்லது சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் இதைப் படிக்கட்டும்.

பின்னால் வண்டி இடித்ததும் இருக்கை முதுகை முன்னே தள்ளுகிறது, தலை பின்தங்குகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கழுத்தின் கீழ்ப்பாதி பின்னுக்கும் மேல்பாதி முன்னுக்கும் வளைந்துவிடும். அடிபடுவது பெரும்பாலும் கழுத்தெலும்புகளின் பின்புறம், இருபக்கமும் உள்ள சிறு மூட்டுகள். மேலிருந்து எண்ணினால் 2-3ஆம் எலும்புகளுக்கு இடையே என்றால் வலி பிடரியிலிருந்து தலைக்கு ஏறும். 5-6 என்றால் தோள்பட்டைக்கு இறங்கும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. அதில் எழுதியிருக்கும் ‘தேய்மானம்’ 40 வயது தாண்டினால் வலியே இல்லாத பலருக்கும் இருப்பதுதான்.

முறையான கைச்சிகிச்சையில் குப்புறப் படுக்கவைத்து, வலிக்கும் மூட்டின் மேல் இரு கட்டைவிரல்களையும் வைத்து, நொடிக்கு ஒன்றிரண்டு முறை அழுத்தித் தளர்த்துவார்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, மூன்று சுற்று. சத்தம் வர வேண்டியதில்லை. தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் தலை எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் அழுத்துகிறவரிடம் மறுபடி போகாதீர்கள். மறுநாள் லேசாக வலிக்கலாம். அதற்கு மேலும் நீடித்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே வலிக்கிறது என்பவர்களுக்கு மென்மையாகத்தான் தொட வேண்டும்.

இரண்டு நாளில் வலி திரும்பினால் ‘சரியா எடுக்கல’ என்று அடுத்த ஆளிடம் ஓடுவது வழக்கம். கைச்சிகிச்சை தருவது தற்காலிகத் தளர்ச்சி மட்டுமே. கழுத்தின் முன்புறம் ஆழத்தில் உள்ள தசைகள் வேலை செய்ய மறந்திருக்கும். மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, தலையைத் தூக்காமல் ‘ம்’ கொட்டுவது போல முகவாயைச் சற்றே உள்ளே இழுங்கள். 10 விநாடி, 10 முறை. ஒரு கையைத் தொண்டையின் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்: காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு ஓடும் கயிறு போன்ற தசை புடைத்தால் அதிகமாக இழுக்கிறீர்கள். பாதியாகக் குறைக்கவும். கழுத்துப்பட்டையை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் இந்தத் தசைகள் இன்னும் சோம்பிப்போகும்.

உடற்பயிற்சியும் மந்திரமல்ல. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட நாள்பட்ட கழுத்துவலி உள்ள 172 பேரிடம் நடந்து, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 20 அமர்வுப் பயிற்சி ஒரேயொரு ஆலோசனை அமர்வை விட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. ஆகவே ‘பேக்கேஜ்’ என்று மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். மூன்று நான்கு அமர்வில் மாற்றம் தெரியாவிட்டால் சிகிச்சையை மாற்றியாக வேண்டும்.

தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம், கை மரத்தல் இருந்தால் யாரும் கழுத்தில் கைவைக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான். தலையைத் திருப்பி வெடுக்கென இழுக்கும்போது, கழுத்தெலும்பின் துளைகள் வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். அங்கே கட்டும் ரத்தம் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இது அபூர்வம்தான், ஆனால் யாருக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

முடிவெட்டி முடித்ததும் கேட்காமலேயே தலையைப் பிடிக்கும் கடைகள் உண்டு. நாற்காலியில் உட்காரும்போதே ‘கழுத்து வேணாம்ணே’ என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
மதுரை