முத்து தோலில் இல்லை, மகள்

தலவாக்கலை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மழைக்கு சிக்னல் விட்டு விட்டு வந்தது. சின்னமுத்தும் (தட்டம்மை) கூகைக்கட்டும் (பொன்னுக்குவீங்கி) ஒரே குடும்பத்து வைரஸ் என்றால், ஒன்று மேலெல்லாம் பூக்கிறது, மற்றது ஏன் கன்னத்தோடு நிற்கிறது என்றாய்.

இரண்டும் பாராமிக்சோ வைரஸ் குடும்பம்தான். ஒரே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, பிழைக்கப் போகும் ஊர் வேறு. கூகைக்கட்டு மூக்கிலும் தொண்டையிலும் பெருகி, இரத்தத்தில் ஏறி, காதுக்குக் கீழேயுள்ள எச்சில் சுரப்பிக்குப் போகும். உனக்கு ஏழு வயதில் வந்தபோது ஒரு சுளை தோடம்பழம் கொடுத்தேன். வாயில் வைத்ததுமே கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாய். புளிப்புக்கு எச்சில் ஊற, வீங்கிய சுரப்பி வலித்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. சிலருக்கு விரையையும் கணையத்தையும் மூளையுறையையும்கூட அது தொடும்.

நாய் குரைப்பதுபோல் இருமல் வருமே, அதைக் கொண்டுவரும் பாராஇன்ஃபுளுவென்சாவும் இந்தக் குடும்பம்தான். அது பெரும்பாலும் மூச்சுப்பாதையைத் தாண்டாது.

சின்னமுத்துதான் பொல்லாதது. நுரையீரலில் காவல் நிற்கும் எதிர்ப்பு அணுக்களையே பிடித்து, அவற்றிலேயே சவாரி செய்து, நெறி கட்டும் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பெருகும். பிறகு உடம்பு முழுக்க. தொற்றிப் பத்து நாளில் காய்ச்சல், பதினாலு நாள் அளவில் முத்து. தோலில் தெரியும் அந்தச் சிவப்பு, கிருமி புகுந்த அணுக்களை உடம்பு எதிர்த்துத் தாக்குவதால் வருவது. அதற்கு 4 நாள் முன்பே இருமலில் மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும்.

உன் தம்பிக்கு வந்தது 8 மாதத்தில், ஊசிக்கு முன்பே. நம் குளிரில் வேம்பு ஏது? அப்பாயி கீழ்நாட்டிலிருந்து வேப்பிலை வரவழைத்தார். முத்து இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முடிந்தது என்று நினைத்தோம். அப்புறம் ஒரு வருடம் காதில் சீழ், சளி, வயிற்றோட்டம். பழைய நோய்களை நினைவில் வைத்திருந்த அணுக்களையும் சின்னமுத்து அழித்துவிடுமாம். அதைப் பின்னால் தெரிந்துகொண்ட அன்று இரவு நான் தூங்கவில்லை.

2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 2023இல் திரும்பி வந்தது, அதுவும் உங்கள் கொழும்புப் பக்கம். பேரனுக்கு அடுத்த மாதம் 9 மாதம். சின்னமுத்துக்கும் கூகைக்கட்டுக்கும் போடும் முதல் எம்.எம்.ஆர். ஊசியைத் தள்ளிப்போடாதே, அடுத்தது 3 வயதில். போட்டு ஒரு வாரம் கழித்து லேசாகக் காய்ச்சல் வரலாம், பயப்படாதே. கிளினிக் அட்டை நீலப் பையின் உள்பக்கத்தில் இருக்கிறது, போன தடவை நான்தான் வைத்தேன்.

அன்புடன்,
அம்மா