வீட்டிலேயே டயாலிசிஸ்

ஐயா,

சிறுநீரகம் செயலிழந்தால் மலையிறங்கிக் கோவைக்குத்தான் ஓட வேண்டும் என்று எங்கள் கோத்தகிரிப் பக்கம் பலர் நினைக்கிறார்கள். வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரித்துவிட்டு, கிறுகிறுப்போடு கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி வருவது சாமானியமா? மழையில் மண் சரிந்தால் அதுவும் போச்சு.

வயிற்றில் குழாய் பொருத்தி, தினமும் மூன்று நான்கு தடவை திரவம் மாற்றி, வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாதுதான், கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி தொற்றும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இந்த டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். மருத்துவர்கள் இதையும் எடுத்துச் சொல்லட்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் முட்டிவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் சுகாதாரத் துறை கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

— ஒரு வாசகர், கோத்தகிரி