கிளிநொச்சியிலிருந்து: அந்த அடிக்கோடு பற்றி

அன்பின் நண்பனுக்கு,

உன் மின்னஞ்சல் போன கிழமை கிடைத்தது. உடனே பதில் எழுத நினைத்தேன், மழை விடவில்லை. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வயலுக்குள்ளும் இரண்டு நாள் தண்ணீர் நின்று வடிந்தது. பயிர் மஞ்சளாகவில்லை, இந்தக் காலபோகம் தப்பிவிடும் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் குளிரோடு கூடியிருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம். மட்டக்களப்பில் நீங்கள் எப்படி? வாவிக்கரைப் பக்கம் வெள்ளம் ஏறியதா?

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். ஆங்கில இலக்கணம் பார்க்கும் நீட்சி (எக்ஸ்ரென்ஷன்) ஒன்றைக் குரோமில் போட்டிருக்கிறாய், கூகிள் டொக்ஸில் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, பிள்ளைகளைத் தேடும் இந்தக் குடும்பங்களின் கடிதங்களுக்கு அதை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டு வருடமாக நான் இதே வேலையைத்தான் செய்கிறேன். பின்னேரங்களில் சனசமூக நிலையத்தின் பின்னறையில் இருந்து, தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டு ஆங்கிலத்தில் ரைப் பண்ணுகிறேன்.

முதலில் அந்தத் தொந்தரவு. மின்னஞ்சல் எழுதும்போது ஒழுங்காக இருக்கிற நீட்சி டொக்ஸில் மட்டும் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021 மே மாதத்தில் கூகிள் தன் டொக்ஸைக் கன்வஸ் என்ற முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அதன் பிறகு பக்கத்தில் நாம் காண்பது எழுத்தாக வைக்கப்பட்ட எழுத்தல்ல, திரையில் வரையப்படுகிற படம் மாதிரி. பக்கத்தில் உள்ள எழுத்தை வாசித்துக் கோடு போட்டுப் பழகிய நீட்சிகளுக்கு அங்கே வாசிக்க ஒன்றுமில்லை. டொக்ஸுக்கென்று தனியாக வழி செய்துகொண்ட நீட்சிதான் அதற்குள் வேலை செய்யும். ஆகவே உன்னுடையதை முதலில் புதுப்பித்துப் பார், பக்கத்தின் அளவை நூறு வீதத்தில் வை, பிறகு தத்தலை (ராப்) ஒருமுறை மூடித் திற. ஒரே சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வருகிறது என்றாய். அதில் ஒன்று டொக்ஸ் தானாகப் போடுவது. டூல்ஸ் பட்டியலுக்குள் இலக்கணப் பரிந்துரையைக் காட்டும் இடத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அது நின்றுவிடும். நீளமான ஆவணத்தில் எழுத்து பிந்தி விழுந்தால் நீட்சியை நிறுத்திவிட்டு எழுது, எழுதி முடித்த பிறகு போடு. எனது பழைய மடிக்கணனியில், கைபேசி டேற்றாவில், வேறு வழியில்லை.

நம்பலாமா என்ற கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நமக்கு இந்தக் கருவி நிறையவே உதவுகிறது, அதை மறுக்க மாட்டேன். தமிழில் 'இல்' என்று ஒரே உருபை வைத்துக்கொண்டு நாம் நாளையும் சொல்வோம், மாதத்தையும் சொல்வோம், இடத்தையும் சொல்வோம். ஆங்கிலத்தில் நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கு 'இன்', பாலத்தடிக்கு 'அற்'. எத்தனை வருடம் படித்தாலும் களைத்த நேரத்தில் கை பிசகும். 'ஏ', 'த' இரண்டும் அப்படித்தான், நம் மொழியில் இல்லாத சாமான்கள். சாட்சியத்தில் காலம் மாறி நின்றால் வாசிக்கிற அதிகாரி சம்பவம் எப்போது நடந்தது என்று குழம்புவார். அந்த இடங்களில் கோடு விழுந்தால் நன்றியோடு திருத்துகிறேன்.

ஆனால் போன வருடம் ஒரு நாள் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

கரைச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். போர் முடிந்த 2009 மே மாதம் மகனை வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தவர். 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருந்தவர். ஜெனீவாவுக்கு, ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகத்துக்கு, அனுப்ப ஒரு கடிதம் வேண்டும் என்றார். இரண்டு மணித்தியாலம் சொன்னார், நான் எழுதினேன். இரவு வீட்டில் நீட்சியைப் போட்டேன். பக்கம் முழுக்கக் கோடு. நேரம் பதினொரு மணி தாண்டிவிட்டது, பட்டரியும் குறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கோடும் இல்லை, பக்கம் துடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் அவருக்கு அதைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததை இருந்தபடியே சொன்னேன்: "2009ஆம் ஆண்டு மே மாதம் என் மகன் காணாமல் போனார்."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நில்லுங்கோ தம்பி. ஆர் காணாமல் போனது? அவன் என்ன சந்தைக்குப் போய் வழி மாறினவனே? நான் என்ர கையால கொண்டுபோய்க் குடுத்தனான். அவனைக் காணாமல் ஆக்கினவை. நேற்று நான் அப்பிடித்தானே சொன்னனான்?"

அப்படித்தான் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்: 'மை சன் வோஸ் டிசப்பியேட்', அதாவது என் மகன் காணாமல் ஆக்கப்பட்டார். அந்த 'வோஸ்' பிழை, எடுத்துவிடு என்று நீட்சி சொன்னது, நான் எடுத்துவிட்டேன். ஒரு சொல் போனதும் செய்தவர்களும் வசனத்தைவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளை தானாகத் தொலைந்த பிள்ளையாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த இலக்கணத்தாலேயே இதை விளங்கிக்கொள்ளலாம். 'டிசப்பியர்' என்பது ஆங்கிலத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, நம் 'போ' மாதிரி. அதற்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது என்பது பழைய விதி. கருவி அந்த விதியைத்தான் பார்க்கிறது. ஆனால் அந்த வினையை மனிதர்கள் மாற்றிவிட்டார்கள். ஆர்ஜன்டீனாவில் 1976க்குப் பிறகு இராணுவ ஆட்சி பிடித்துச் சென்ற பிள்ளைகளைத் தேடி, 1977 ஏப்ரலிலிருந்து மாயோ சதுக்கத்தில் தாய்மார் நடந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறித்த ஸ்பானியச் சொல்லோடுதான் 'வோஸ் டிசப்பியேட்' என்ற பிரயோகமும் ஆங்கிலத்துக்குள் பரவியது, இன்று அகராதிகளிலும் இருக்கிறது. தமிழில் நம் சனம் இதே வேலையைத் தாங்களே செய்தார்கள். 'காணாமல் போனோர்' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று உறவுகள் சொன்னார்கள், தங்கள் சங்கத்தின் பெயரிலேயே வைத்தார்கள். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இன்னும் 'காணாமற்போன ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குதலைக் குற்றமாக்கியது. போனதற்கு யாரையும் கேட்க முடியாது, ஆக்கியதற்குக் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாத அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. எனக்கு அந்த இரவு தெரியவில்லை. இப்போதும் நினைத்தால் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது.

நல்லகாலம், டொக்ஸ் பழைய பிரதிகளை வைத்திருக்கும். ஃபைல் பட்டியலில் வேர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, முதல் நாள் இரவு எட்டு மணிக்கு இருந்ததை மீட்டெடுத்தேன். ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. "நான் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன்" என்று அவர் இரண்டுமுறை சொன்னதைக் கூறியது கூறல் என்று கருவி ஒன்றாக்கியிருந்தது. அதையும் அவர் சொன்னபடியே போட்டேன்.

அதற்குப் பிறகு என் முறை மாறிவிட்டது. மொத்தமாக ஏற்றுக்கொள்வதில்லை. எழுத்துப்பிழை, 'ஏ', 'த', காலம் இவற்றைத் திருத்துகிறேன். வினையைத் தொடும் கோடு எதுவானாலும் கையை எடுத்துவிட்டு, அதைத் தமிழில் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பொக்கணை எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு வரும். ஊர்ப் பெயர்களை அகராதியில் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் களைப்பில் எதையாவது அழுத்திவிடுவாய். திருத்தி முடித்ததும் சொன்னவருக்கே தமிழில் வாசித்துக் காட்டாமல் எதையும் அனுப்புவதில்லை. இதை மட்டும் நீயும் கட்டாயம் செய் மச்சான், நேரம் இல்லாவிட்டாலும் செய்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. நீ ரைப் பண்ணுவது உன் கணனியில் நின்றுவிடுவதில்லை. இந்த மாதிரி நீட்சிகள் பெரும்பாலும் எழுத்தைத் தங்கள் சேவையகத்துக்கு அனுப்பித்தான் பார்க்கின்றன. 2018 பெப்ரவரியில், கூகிளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புரொஜெக்ட் சீரோவில் இருந்த ராவிஸ் ஓர்மண்டி, கிராமர்லி என்ற ஆங்கில இலக்கணக் கருவியின் நீட்சியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஒருவர் திறக்கிற எந்த இணையத்தளமும் அவருடைய கணக்குக்குள் புகுந்து ஆவணங்களைப் பார்க்கக்கூடிய ஓட்டை அது. அவர்கள் விரைவிலேயே அடைத்துவிட்டார்கள். ஆனாலும் நம்மிடம் உள்ளவை யாருடைய பெயர்கள் என்று யோசி. நான் ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் மூன்றையும் டொக்ஸில் எழுதுவதே இல்லை. 'ம', 'அ' என்று ஓர் எழுத்து. அச்சடித்த பிறகு பேனையால் நிரப்புகிறோம். நீட்சியையும், நான் அழுத்தும்போது மட்டும் பக்கத்தை வாசிக்கும்படி குரோமில் மாற்றிவைத்திருக்கிறேன். ஐகனில் வலது பக்கச் சொடுக்குப் போட்டால் அந்த இடம் தெரியும்.

தமிழுக்கு என்ன செய்கிறாய் என்றும் கேட்டிருந்தாய். நீச்சல்காரன் செய்த வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் இருக்கின்றன. வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்று மிகும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் வரும், நாவியைத்தான் கேட்பேன்.

அந்த அம்மாவின் கடிதம் அப்போதே போய்விட்டது. பதில் வரவில்லை. வருகிற வியாழக்கிழமை திரும்ப வருகிறார், இந்தமுறை இரண்டாவது கடிதம். வரைவை இதோடு இணைத்திருக்கிறேன், நீ ஆங்கிலம் படிப்பிக்கிறவன், என்னைவிடக் கூர்மையாகப் பார்ப்பாய். புதன் இரவுக்குள் ஒருதரம் வாசித்து அனுப்பு. இரண்டாவது பந்தியில் 'வோஸ்' இருக்கிறதா என்று முதலில் பார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்,
கிளிநொச்சி