பாடி என்ன மரம்னு கேக்கறது இருக்கட்டும், நெக்கைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கஸ்டம் எலக்ட்ரிக் கிட்டார் செய்யுறவங்களைப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், இந்த வேலையையும் மதிச்சு எழுதுனதுக்கு நன்றி. ஆனா மகாகனி போட்டா சவுண்டு கனமா வரும், மேப்பிள் போட்டா பளிச்சுனு வரும்னு கடைக்காரங்க சொல்றதை அப்படியே போட்டுட்டீங்களே, அதைத்தான் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. ரிப்பேர் வேலையில இருக்கறவன் நான், ஆர்டர் குடுக்கப் போற பசங்க கேக்குற முதல் கேள்வியே "அண்ணே பாடி என்ன மரம்?"ங்கறதுதான், அந்த மரத்துக்குன்னு தனியா ஒரு பெரிய தொகையை வாங்கி வச்சுக்கிட்டு, கிட்டார் தலைப்பக்கத்துல இருக்கற நட்ல கம்பி உக்கார்ற காடியைக்கூட ஒழுங்கா அறுக்காம குடுத்து அனுப்புற ஆளுங்க இருக்காங்க, பேர் எதுக்கு, விடுங்க.

அக்கூஸ்டிக் கிட்டார்ல மேல் பலகை அதிர்ந்துதான் காத்தை அசைக்குது, அங்க மரம்தான் சவுண்டு, அதுல சண்டையே இல்ல. வீணைக்குப் பலா மரம் பாத்துப் பாத்து எடுக்கறதும் அதனாலதான். எலக்ட்ரிக்ல கதை வேற. கம்பிக்கு அடியில பிக்கப்னு ஒண்ணு இருக்கு, காந்தத்தைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசான காப்பர் வயரை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தி வச்சிருப்பாங்க, ஸ்டீல் கம்பி ஆடும்போது அந்த காந்தப்புலம் கலைஞ்சு வயர்ல கரண்ட் வருது, அதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகுது. அந்த பிக்கப்புக்குத் தன் அடியில இருக்கறது மகாகனியா வேம்பான்னு எல்லாம் தெரியாது. கம்பியோட அதிர்வுல கொஞ்சத்தை மரம் தின்னும், அதனால சஸ்டெயின்ல, அதாவது சவுண்டு எவ்வளவு நேரம் நீடிக்குதுங்கறதுல, வித்தியாசம் வரலாம், துளிகூட இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா பிக்கப்பை மாத்துனா, அதோட உயரத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சு ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தி இறக்குனா வர்ற வித்தியாசத்துக்கு முன்னாடி அது கிட்டக்கூட வராது.

அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்குல பைன் கட்டை ஒண்ணுல, கம்பி ஓடுற நீளக் கழுத்தான நெக்கையும் பிக்கப்பையும் மாட்டித்தான் வாசிச்சுப் பாத்தாரு, பாக்க கிட்டார் மாதிரி இருக்கணுமேன்னு ரெண்டு பக்கமும் பழைய கிட்டாரோட பாதிகளை ஒட்டிக்கிட்டாரு. டேன்எலக்ட்ரோ கம்பெனி மரநாரை அழுத்திச் செஞ்ச ஹார்டுபோர்டுல கிட்டார் போட்டு வித்தாங்க, லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் அதை மேடையில வாசிச்சிருக்காரு. ஃபெண்டர் கிட்டார் கம்பெனியை ஆரம்பிச்ச லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்காரரு, கிட்டார் வாசிக்கவே தெரியாது, அவரு 1956ல பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டாரை ஆஷ் மரத்துல இருந்து ஆல்டருக்கு மாத்துனதுக்குக் காரணம் சவுண்டு இல்ல, ஆல்டர் சுலபமா கிடைச்சது, துவாரம் கம்மிங்கறதால பெயிண்ட் அடிக்கற வேலை மிச்சம். இன்னைக்கு அந்த ஆல்டரையே புனிதமா பேசுறாங்க, கேட்டா சிரிப்புதான் வருது.

அப்போ மரம் முக்கியமே இல்லையான்னா, முக்கியம், ஆனா நெக்ல. ஆறு கம்பியும் சேர்ந்து நாப்பது கிலோவுக்கு மேல இழுக்குது, ராத்திரி பகல்னு இல்ல, எப்பவும். மரம் சரியா காயாம இருந்தாலோ, ரேகை கோணலா ஓடுனாலோ ஆறே மாசத்துல முறுக்கிக்கும். உள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி வச்சிருப்பாங்க, அது முன்னுக்கும் பின்னுக்கும் வளையறதைத்தான் சரி பண்ணும், முறுக்குனதை ஒண்ணும் பண்ணாது, அந்த நெக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மழைக்காலத்துல அறுத்த மரத்தை ஏசி ரூம்ல கொண்டு போய் வச்சா கட்டை சுருங்கும், நெக்ல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பியான ஃப்ரெட் சுருங்காது, ஓரத்துல இருந்து ஃப்ரெட்டோட முனை எல்லாம் வெளியே வந்து உள்ளங்கையைக் கீறும். பாலீஷ் பளபளன்னு இருக்கற காஸ்ட்லி கிட்டார்லயும் இதைப் பாக்கறேன்.

குயின் பேண்டு கிட்டாரிஸ்ட் பிரையன் மே கிட்டாரைப் பாருங்க. 1963ல, பதினாறு வயசுல, அப்பாவோட சேர்ந்து வீட்டுலயே செய்ய ஆரம்பிச்சாரு. நெக் எதுல? நூறு வருஷத்துக்கும் மேல பழசான ஒரு கணப்படுப்பு மேல இருந்த மகாகனிக் கட்டையில, பூச்சி அரிச்ச ஓட்டையைத் தீக்குச்சி வச்சு அடைச்சாங்க. பாடிக்குப் பழைய ஓக் மரமும், மரக்கட்டைகளை ஒட்டிச் செஞ்ச பிளாக்போர்டு (blockboard) பலகையும், கம்பியோட சுருதியை ஆட்டுற டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், நெக்ல இருக்கற புள்ளிக்கு அம்மாவோட முத்துச்சிப்பி பட்டன். 2002ல பக்கிங்காம் அரண்மனை மொட்டை மாடியில நின்னு வாசிச்சது அதைத்தான். மரத்தோட பேரை வச்சா அது நிக்குது? அவ்வளவு காலம் காய்ஞ்ச கட்டை, அதுல உக்காந்து கையால இழைச்ச வேலை.

வேலைன்னு சொன்னா ஃப்ரெட் வேலைதான் வேலை. ஸ்கேல், அதாவது கம்பி அதிர்ற நீளம், 25.5 இன்ச்னா நட்ல இருந்து முதல் ஃப்ரெட் 36.35 மில்லிமீட்டர்ல வரணும், மிச்ச நீளத்தை 17.817ஆல வகுத்து வகுத்து ஒவ்வொண்ணையும் குறிச்சுக்கிட்டே போகணும், அரை மில்லிமீட்டர் தள்ளிப் போச்சுன்னா அந்த ஸ்வரம் சாகுற வரைக்கும் தப்பாத்தான் பேசும். அப்புறம் எல்லா ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்கு அரம் போட்டு, உச்சியைத் திரும்ப உருண்டையாக்கி, முனைகளை ஒவ்வொண்ணா உருட்டி விடணும். நாள் பூரா போகும், போட்டோவுல ஒண்ணும் தெரியாது, அதான் யாரும் காசு குடுக்க மாட்டேங்கறாங்க.

இன்னொண்ணு, உங்க கட்டுரையில வெளிநாட்டு மரம் வெளிநாட்டு மரம்னு இருந்துச்சு, நெக் மேல ஒட்டுற ஃபிங்கர்போர்டுக்கு உலகம் பூரா தேடுற இந்தியன் ரோஸ்வுட் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். 2011ல கிப்சன் கிட்டார் கம்பெனி ஃபேக்டரியில அமெரிக்க அதிகாரிங்க ரெய்டு விட்டு எடுத்துட்டுப் போன ஃபிங்கர்போர்டு மரத் துண்டுகள் இந்தியாவுல இருந்து போனதுதான். 2017ல இருந்து ரோஸ்வுட் இனம் மொத்தத்துக்கும் சர்வதேச கட்டுப்பாடு வந்துச்சு, 2019ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு மட்டும் தளர்த்துனாங்க. அதனால ஈட்டின்னு யாராவது மலிவா குடுத்தா பில்லு, பர்மிட் கேளுங்க. ஆஷ் மரத்தை அமெரிக்காவுல ஒரு பச்சை வண்டு அழிச்சுக்கிட்டு இருக்கு, 2020ல ஃபெண்டரே வழக்கமான மாடல்கள்ல அதைக் குறைச்சுக்கறோம்னு அறிவிச்சுட்டாங்க, நாம எதுக்கு இங்க அதையே கட்டி அழணும்? நல்லா காய்ஞ்ச நம்ம ஊர் மகாகனி போதும். தேக்கும் ஓகே, எண்ணெய்ப் பசை இருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர்ல துடைச்சுக்கணும், கொஞ்சம் வெயிட்டு, அவ்வளவுதான்.

ஆர்டர் குடுக்கற பசங்க அந்த பில்டர் செஞ்ச வேற ஏதாவது ஒரு கிட்டாரை வாங்கி, தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்கிப் பாருங்க, ஏழாவது ஃப்ரெட்டு கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற இடைவெளி இருந்தா போதும். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கிட்டு தலைப்பக்கத்துல இருந்து நெக்கோட ரெண்டு ஓரத்தையும் பாருங்க. இதைப் பண்ணும்போது பில்டர் மூஞ்சி சுளிச்சாருன்னா அட்வான்ஸ் குடுக்காம வந்துருங்க.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் ரிப்பேர்காரன்,
கோயம்புத்தூர்