எந்தக் கணினியிலும் திறக்கட்டும், எந்தத் தேடலிலும் கிடைக்கட்டும்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை அலுவலர்களுக்கும், அரசுத் துறைகளுக்குக் கணினிக் கருவிகள் வாங்கித்தரும் எல்காட் நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தென்காசியில் பதினான்கு ஆண்டுகளாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவருகிறேன். பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை என்று நாள்தோறும் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கணினி இல்லாதவர்கள். என் கடையிலுள்ள மூன்று கணினிகள்தாம் அவர்களுக்குக் கணினி; அவற்றில் நான் எந்த இயங்குதளத்தையும் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தேடுபொறியையும் வைத்திருக்கிறேனோ அவையே அவர்களுக்கும் வாய்க்கின்றன. அந்தப் பொறுப்பை உணர்ந்தே இந்த மடலை எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பதிவு செய்துகொள்பவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டென்றாலும் அதன் எல்லை 2026 அக்டோபர் 13. என் கணினிகள் 2016இல் வாங்கியவை. விண்டோஸ் 11 இயங்க இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் கணினிகள் இந்த வரம்புக்குள் வரவில்லை. விசைப்பலகையும் திரையும் வட்டும் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் மூன்று கணினிகளைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. பிறருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தட்டச்சாகும் இடத்தில் திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தை வைத்திருக்கவும் மனச்சான்று இடம் தரவில்லை.

ஆகவே இரண்டு கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிந்ததால், அச்சுப்பொறி, ஸ்கேனர், வைஃபை மூன்றும் வேலை செய்கின்றனவா என்று முதலிலேயே சோதித்துக்கொண்டேன். வாடிக்கையாளர்களில் பலர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. கீழே இடப்பக்க மூலையில் பட்டியல், திரையில் பயர்பாக்ஸ், எழுத லிப்ரே ஆபிஸ். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். தமிழ்த் தட்டச்சும் தடையாக இல்லை. தமிழக அரசு 1999இல் தரமாக ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் நெடுங்காலமாக உண்டு. விண்டோஸோடு அது சேர்ந்தே வரத் தொடங்கியது 2019இல்தான். பழைய தட்டச்சுப்பொறி முறையில் பழகிய ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். அந்த முறையும் லினக்ஸில் இருப்பதைக் காட்டியபோது அவர் விரல்கள் தயங்கவே இல்லை.

இது என் ஒருவனுடைய அனுபவமும் அன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த அதே நாளில் அயர்லாந்தைச் சேர்ந்த சோரின் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் தன் 18ஆம் பதிப்பை வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதை இறக்கிக்கொண்டவர்கள் பத்து லட்சம் பேர் என்றும், அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் விண்டோஸ் கணினியிலிருந்து இறக்கியவர்கள் என்றும் அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள். எளியவர்களுக்கான இயங்குதளம் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. அது இருக்கிறது, காசும் கேட்பதில்லை.

அப்படியிருந்தும் மூன்றாவது கணினியை மாற்ற என்னால் முடியவில்லை. என்னிடமுள்ள கைரேகைக் கருவிக்கு விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் மட்டுமே மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஓர் அலுவலகம் நிரப்பச் சொல்லி அனுப்பும் எக்செல் படிவத்தில் மேக்ரோ என்னும் சிறு நிரலை வைத்திருப்பதால் லிப்ரே ஆபிஸில் அதன் கட்டங்கள் உயிரற்றுக் கிடக்கின்றன. இன்னோர் அலுவலகத்தின் மாதிரிப் படிவம் பழைய எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தாம் வரிசையாகத் தெரிகின்றன. இவற்றில் எதுவும் லினக்ஸின் குறையன்று. படிவத்தை உருவாக்கியவர் தம் மேசையிலுள்ள கணினியை மட்டுமே எண்ணிப் பார்த்ததன் விளைவு.

எங்கள் ஊரிலிருந்து செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிகளுக்கென்று உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு அவர்களே ஓர் இயங்குதளத் தொகுப்பைத் தயாரிக்கிறார்கள்; பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் தேர்வும் அதையே ஒட்டி நடக்கின்றன. புனலூரில் படிக்கும் என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தபோது என் கடைக் கணினியில் தயக்கமின்றி உட்கார்ந்து வேலை செய்தாள். நம் மாநிலத்திலும் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ் இடைமுகம் உள்ளது. ஆனால் என் கடைக்கு அந்த மடிக்கணினியைத் தூக்கிவந்த மாணவர்களில் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. திறந்தவர்களுக்கும் என்ன செய்வதென்று சொல்லித்தர ஆள் இல்லை. இயங்குதளத்தை வட்டில் ஏற்றிக் கொடுப்பது எளிய பகுதி; அதைச் சுற்றிப் பாடமும் பயிற்சியும் படிவமும் கருவியும் அமைவதுதான் உழைப்பைக் கேட்கும் பகுதி.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் தன் 30,000 அலுவலகக் கணினிகளை மாற்றப்போவதாக அறிவித்தபோது, லினக்ஸில் அது தொடங்கவில்லை. முதலில் லிப்ரே ஆபிஸும் திறந்த கோப்பு வடிவமும், அடுத்து மின்னஞ்சல், இயங்குதளம் அவற்றுக்குப் பின்னர் என்று வரிசைப்படுத்திக்கொண்டது. இந்த வரிசையை நீங்கள் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன், ஏனென்றால் தேடுபொறிகளின் சிக்கலும் இதே கோப்புகளில்தான் போய் முடிகிறது.

தேடுபொறி என்றாலே கூகுள் என்றாகிவிட்ட காலத்தில் வேறு தேடுபொறிகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, கூகுள் தேடலில் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்ததாகத் தீர்ப்பளித்தது. உலாவிகளிலும் கைபேசிகளிலும் முதல் தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது அந்த வழக்கில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில், தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தேடல் தரவின் ஒரு பகுதியைத் தரவேண்டும் என்றும் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. டக்டக்கோ போன்ற சிறிய தேடுபொறிகள் மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறியின் முடிவுகளைப் பெரிதும் சார்ந்தவை; ஆனால் பிங் தன் தேடல் முடிவுகளைப் பிறருக்கு விற்றுவந்த பொதுச் சேவையை 2025 ஆகஸ்டில் மூடிவிட்டதால், சிறிய தேடுபொறிகள் இணையப் பக்கங்களைத் திரட்டிக் குறித்துவைக்கும் சொந்த அட்டவணையின் தேவையை உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனின் மோஜீக்கும் பிரேவ் தேடலும் சொந்த அட்டவணை வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் 14 நிறுவனங்கள் சேர்ந்து 2022இல் தொடங்கிய திட்டம், யாரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்த இணைய அட்டவணை ஒன்றை உருவாக்கிவருகிறது. ஆக, இனி வரும் ஆண்டுகளில் புதிய தேடுபொறிகள் வரத்தான் போகின்றன. தமிழில் தேடினால் அவற்றின் வலையில் என்ன சிக்கும் என்பதே என் கவலை.

தேடுபொறி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணைப் பார்க்கிறது. பாமினி எழுத்துருவில் தமிழ்நாடு என்று அடித்துச் சேமித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, இ, எச், எல் என்ற ஆங்கில வரிசை. நம் கண்ணுக்குத் தமிழ்நாடு. தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கிலக் குவியல். வானவில் போன்ற பிற பழைய எழுத்துருக்களில் அடித்தவற்றின் நிலையும் இதுவே. அச்சிட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மீண்டும் ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணையில் எழுத்தே இல்லை. அது வெறும் படம். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதத்திலேயே எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக அறிவித்துவிட்டது. பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியைத் தமிழ் இணையக் கல்விக்கழகமே இலவசமாகக் கொடுக்கிறது. ஆணையும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் தமக்குரிய உதவித்தொகை பற்றிய அறிவிப்பைத் தேடித்தரச் சொல்லும்போது, மூல அறிவிப்பு கிடைக்காமல், அதை அரைகுறையாக எடுத்துச் சொல்லும் யாரோ ஒருவரின் காணொளிதான் எனக்குக் கிடைக்கிறது. அதில் சொல்லப்பட்ட தவறான கடைசித் தேதியை நம்பி, வாய்ப்பை இழந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்து சரியாக இருந்தாலும் சொல் இன்னொரு சிக்கல். வாரிசுச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், வாரிசுச் சான்று என்று ஒரே பொருளை மூன்று விதமாக எழுதுகிறோம். ஒற்று ஒன்று மிகுந்தாலோ விட்டுப்போனாலோ முடிவுகள் மாறிவிடுகின்றன. கிணறு என்று தேடுகிறவருக்குக் கிணற்றில், கிணற்றுக்கு என்று எழுதிய பக்கங்களும் கிடைக்க வேண்டுமானால், கிணற்று என்பதும் கிணறு என்பதும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று தேடுபொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைத் தம் வழியில் கற்றுக்கொள்ளும். புதிதாகத் தொடங்கும் சிறியவர்களுக்கு அந்த வசதி இராது. ஸ்னோபால் என்ற திறமூலத் தொகுப்பில் தமிழ்ச் சொற்களை அடிச்சொல்லாக்கும் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. அதை மேம்படுத்தவும், அரசுச் சேவைகளில் வழங்கும் சொற்களையும் அவற்றின் மாற்று வடிவங்களையும் ஒரு பட்டியலாக்கி எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடவும் உங்கள் துறையும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் முன்வந்தால், எந்த நாட்டில் உருவாகும் தேடுபொறியும் அதைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

நான் கேட்பது தமிழ்நாட்டுக்கென்று புதிய இயங்குதளமோ புதிய தேடுபொறியோ அன்று. ஒரு நாள் குறித்து, அன்றிலிருந்து இணையத்தில் ஏற்றும் ஒவ்வோர் அரசாணையும் அறிவிப்பும் ஒருங்குறி எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று 2010 ஆணைக்கு உயிர் கொடுங்கள். கையெழுத்திட்ட படமும் தேவையென்றால் அதனருகில் எழுத்து வடிவத்தையும் வையுங்கள். எல்காட் வழியாக வாங்கும் ஒவ்வொரு கைரேகைக் கருவிக்கும் அச்சுப்பொறிக்கும் லினக்ஸ் இயக்கி (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) கட்டாயம் என்ற ஒரு வரியை ஒப்பந்தப்புள்ளியில் சேருங்கள். அரசு கேட்டால் செய்ய மறுக்கும் உற்பத்தியாளர் அரிது. மேக்ரோ வைத்த படிவங்களை இணையப் படிவங்களாக்கி, பயர்பாக்ஸிலும் சோதித்த பிறகே வெளியிடுங்கள். பள்ளிகளிலும் நூலகங்களிலும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத கணினிகளைக் கழிக்கும் முன், மாவட்டத்துக்கு ஒரு பள்ளியிலேனும் லினக்ஸ் நிறுவி, ஆசிரியருக்குப் பயிற்சியும் கொடுத்து ஓராண்டு பாருங்கள்.

கைரேகைக் கருவிக்கு லினக்ஸ் இயக்கி எழுதப்பட்டால், அதைச் சோதிக்க என் மூன்றாவது கணினியையும் கருவியையும் தரத் தயாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை விடுமுறை; உங்கள் பொறியாளர் எவர் வந்தாலும் நாள் முழுவதும் உடனிருப்பேன்.

இப்படிக்கு,
தென்காசியிலிருந்து ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துபவர்