இயற்கையானது என்றாலும் அளவு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஷேவிங் எரிச்சலுக்கு வீட்டிலேயே எண்ணெய் தயாரிப்பது பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. தேங்காய் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கற்பூரம், சிட்டிகை மஞ்சள், சோற்றுக்கற்றாழை எல்லாவற்றையும் கலந்து தடவிக்கொண்டு ஷேவ் செய்தால் எரிச்சலே இருக்காதாம். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு எலுமிச்சை, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், யாருக்கு ஆகாது, ஒன்றுமே இல்லை. கடைசியில், இயற்கையானது என்பதால் பக்கவிளைவு கிடையாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இயற்கையானது என்றால் எரியாதா? எருக்கம்பாலும் இயற்கைதான். அந்தக் காலத்தில் சலவைத் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும் இயற்கைதான், அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

நான் 19 வருடமாக ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். ஒரு நாள் தாடி இருந்தாலும் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். எனக்கோ தொட்டாலே சிவக்கிற தோல். நுரை வரும் டப்பாக்களில் அநேகமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். குளுகுளு என்று இருப்பதற்காக மெந்தால் சேர்த்த நுரைதான் எனக்கு முதல் எதிரி, வாசனைக்குச் சேர்ப்பது இரண்டாவது. சாதாரண சோப்பும் சரிப்படவில்லை. நம் தோல் இலேசான அமிலத்தன்மை உடையது, சோப்பு காரத்தன்மை உடையது, தினமும் அதைத் தேய்த்து அதன்மேல் பிளேடையும் ஓட்டினால் தோல் என்னதான் செய்யும்.

இப்படி இருந்தபோது ஆறேழு வருடம் முன்பு யாரோ சொன்னார்கள் என்று, உங்கள் துணுக்கில் இருப்பது போலவே ஒரு கலவை நானும் செய்தேன். தேங்காய் எண்ணெய், அரை மூடி எலுமிச்சை, ஒரு கட்டிக் கற்பூரம். ஷேவ் செய்து முடித்ததும் கற்பூரத்தால் சில்லென்று இருந்தது, ஆஹா என்று நினைத்தேன். சிங்காநல்லூரில் இருந்து அவினாசி ரோடு வரைக்கும் வண்டியில், நல்ல வெயில். சாயங்காலம் கழுத்தில் தீ வைத்தது போல் இருந்தது. மறுநாள் சிவந்து வீங்கி, அப்புறம் அது கறுத்து, கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அது மறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தோல் டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எலுமிச்சையில் இருக்கிற சில பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தோல் பொசுங்கியே போகுமாம். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நிற்கிறவர்களுக்கும் இப்படி ஆவது உண்டு என்றார். பிளேடு பட்டு மேல்தோல் உரிந்திருக்கும்போது கேட்கவே வேண்டாம். கற்பூரத்தின் குளிர்ச்சியும் ஏமாற்றுதான், எரிச்சலைக் கொஞ்ச நேரம் தெரியாமல் செய்யுமே தவிர அதுவே எரிச்சல் தரும் பொருள். இதில் இன்னொன்றும் உண்டு. கற்பூரம் கலந்த எண்ணெய் குழந்தை கைக்குக் கிடைத்து வாயில் போய்விட்டால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் எல்லாம் வாங்கி வரும் நீலகிரித் தைலத்தை இரண்டு சொட்டு விடுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். மூக்கடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஷேவ் செய்த முகத்துக்கு வேண்டாம்.

எனக்கு வழி காட்டியது எங்கள் தெரு சலூன்காரர்தான். வயதானவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, முடியை மெதுவாக்குறது தண்ணி. எண்ணெய் பிளேடை வழுக்க வைக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. நீ ரெண்டையும் எண்ணெய்கிட்டயே கேக்கற" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் செய்துகொண்டிருந்த பெரிய தப்பு புரிந்தது. காய்ந்த முகத்தில் எண்ணெயை அப்பிக்கொண்டு ஷேவ் செய்திருக்கிறேன். முடி தண்ணீரைக் குடித்து ஊறினால்தான் சுலபமாக வெட்டுப்படும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். எண்ணெய் முதலில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே போவதையும் தடுக்கும். அதனால் குளித்து முடித்த கையோடு, முகம் ஈரமாக இருக்கும்போதே எண்ணெய்.

சரி, எந்த எண்ணெய்? இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் செக்கு நல்லெண்ணெய். தோலுக்கு ஒன்றும் செய்யவில்லை, சீக்கிரம் கெடுவதும் இல்லை, ஆனால் கூட வேலை செய்யும் பெண், "என்ன சார், காலையில இட்லிப்பொடியா?" என்று கேட்டுவிட்டார். தவிர, செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அடியில் கசண்டு தங்கும், தெளிய வைத்து வடிகட்டாவிட்டால் சொட்டுப் பாட்டில் அடைத்துக்கொள்ளும். அடுத்து தேங்காய் எண்ணெய். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அதற்கா பஞ்சம்? டிசம்பர் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடுகிறதே. அதையும் சமாளித்திருப்பேன், ஆனால் தாடையில் பரு கிளம்பியது. தேங்காய் எண்ணெய் சிலருக்குத் தோலின் துவாரங்களை அடைக்கும், அந்தச் சிலரில் நானும் ஒருவன். பாதாம் எண்ணெய் என்று தலைக்கு விற்கும் பாட்டில்களில் பலவற்றில் பாதாம் பேருக்குத்தான், மீதி மினரல் ஆயிலும் வாசனையும், லேபிளைத் திருப்பிப் படியுங்கள்.

கடைசியில் நின்றது சமையலுக்கு வாங்கும் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயும் விளக்கெண்ணெயும். செக்கு ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சாப்பாட்டுக்கு எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ரீஃபைண்டில் வாசனை இல்லை, லேசாகவும் இருக்கிறது, எனக்கு அவ்வளவுதான் தேவை. விளக்கெண்ணெய் தனியாகப் போட்டால் பசை மாதிரி இழுக்கும், பிளேடு நகராது. ஆனால் கொஞ்சம் சேர்த்தால் மற்ற எண்ணெய் முகத்தில் இருந்து வழிந்து போகாமல் பிடித்து வைக்கும்.

அளவு கேட்டேன் அல்லவா, நானே போடுகிறேன். இருமல் மருந்தோடு வரும் மூடியில் 5 மி.லி. கோடு இருக்கும். அதில் மூன்று அளவு சூரியகாந்தி எண்ணெய், ஒரு அளவு விளக்கெண்ணெய், மொத்தம் 20 மி.லி. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை பிடிக்கும் என்பதால் மெடிக்கலில் கிடைக்கும் பச்சை நிற வைட்டமின் ஈ காப்ஸ்யூலை ஊசியால் குத்தி இரண்டு மூன்று சொட்டு விடுகிறேன். அது எண்ணெய் காறாமல் இருக்கத்தான், கிருமிக்கு அல்ல. வைட்டமின் ஈயே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்கள் அதை விட்டுவிட்டுப் பாதி அளவு செய்துகொள்ளலாம். கண்ணாடிச் சொட்டுப் பாட்டில், கறுப்போ பழுப்போ, வெயில் படாத இடம். ஒரு ஷேவுக்கு ஐந்து சொட்டு போதும், ஒரு மி.லி.க்கு இருபது சொட்டு என்று வைத்தால் 20 மி.லி. சுமார் எண்பது நாளைக்கு வரும். பாட்டிலோடு சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரை லிட்டர் செய்து சொந்தக்காரர்களுக்கு எல்லாம் கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், காறிய எண்ணெய் முகத்தில் போட லாயக்கில்லை.

பாட்டிலைக் கழுவினால் ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். இங்கேதான் உங்கள் துணுக்கின் சோற்றுக்கற்றாழை மறுபடி வருகிறது. வெறும் எண்ணெயில் தண்ணீர் இல்லை, அதனால் கிருமி வளர வழியில்லை. கற்றாழைச் சோறோ எலுமிச்சைச் சாறோ பன்னீரோ அதில் போய்ச் சேர்ந்தால் எண்ணெயோடு கலக்கவும் கலக்காது, அடியில் தங்கி நாலைந்து நாளில் பூசணம் பிடிக்கும். கற்றாழை வேண்டும் என்றால் ஷேவ் செய்த பிறகு புதிதாக வெட்டி, மஞ்சளாக வடியும் பாலை நன்றாகக் கழுவிவிட்டுத் தனியாகத் தடவிக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் பாலும் அரிக்கும். மஞ்சள் பொடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சட்டைக் காலரைக் கேளுங்கள்.

முதல் முறை போடுவதற்கு முன்னால் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம். எள்ளோ கடலையோ சாப்பிட்டால் ஒவ்வாமை வருகிறவர்கள் அந்த எண்ணெய்களை முகத்தில் தொடவே வேண்டாம். மூக்கோரம், புருவம், தாடியில் பொடுகு மாதிரி செதில் உதிர்கிறவர்களுக்கு எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம், அந்தப் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு. இந்த மூன்று வரி உங்கள் துணுக்கில் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ஷேவ் செய்யும் முறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஓட்டுங்கள், கழுத்தில் அது பக்கவாட்டில் போகும், சிலருக்குக் கீழிருந்து மேலே போகும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். எண்ணெய் நுரை மாதிரி தெரியாது என்பதால் எங்கே ஓட்டினோம் என்று முதல் வாரம் குழம்பும். மூன்று நான்கு பிளேடு அடுக்கிய ரேசரில் எண்ணெயும் முடியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், இரண்டு இழுப்புக்கு ஒரு முறை வெந்நீரில் அலச வேண்டும். எனக்கு அந்த ரேசரே ஆகவில்லை. முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க அடுத்த பிளேடு வெட்டுகிறது, வெட்டிய நுனி தோலுக்கு அடியில் போய்விடுகிறது, சுருட்டை முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து முள்ளு முள்ளாகக் கொப்புளம். அப்பா காலத்துப் பழைய ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறினேன், பாதிக் கொப்புளம் அதிலேயே போனது. பெண்களும் கை காலுக்கு ரேசர் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கும் இதே எண்ணெய், இதே முறைதான், எந்தப் பத்திரிகையும் அதை எழுதுவதில்லை. குளியலறைத் தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடையுங்கள், நான் ஒரு தடவை விழுந்திருக்கிறேன்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கீறல் இருந்தால் சலூனில் தேய்ப்பார்களே அந்தப் படிகாரக் கல். ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடலாம். அவரவர் கல் அவரவருக்கு, அடுத்தவர் ரத்தம் பட்ட கல்லும் பிளேடும் மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டுவரும்.

எண்ணெயால் ஆகாதது ஒன்று உண்டு. கொப்புளத்தில் சீழ் கோத்துவிட்டாலோ, வட்டமாகப் படை பரவினாலோ ஷேவிங்கை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் முதலில் அமுங்கும், பூஞ்சையாக இருந்தால் பிறகு இரண்டு மடங்காகப் பரவும். என் பக்கத்து வீட்டுத் தம்பி அப்படி ஆறு மாதம் அவதிப்பட்டான்.

அந்தத் துணுக்குக்கு ஒரு திருத்தம் போட முடியுமா? எலுமிச்சையையும் கற்பூரத்தையும் எடுத்துவிட்டு, அளவைச் சேர்த்து, இரண்டு நாள் கையில் தடவிப் பார்க்கச் சொல்லி நாலு வரி போதும். எங்கள் ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்த பையன் அந்தப் பக்கத்தை வெட்டி லாக்கருக்குள் ஒட்டி வைத்திருக்கிறான். நான் சொன்னால் "பேப்பர்லயே போட்டிருக்காங்கண்ணா" என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை